அவளுடைய விடியற்காலை

சால்வையை எடுக்கத்தான் அவள் படுக்கையறைக்குத் திரும்பி வந்தாள்.

வழக்கமாக வரமாட்டாள். விடிவதற்கு முன்பே எழுந்து, கதவைச் சாத்திவிட்டு, சமையலறை ஜன்னலோரம் டீயோடு உட்கார்ந்தால், கணவர் எழுந்திருக்கும்வரை அந்தப் பொழுது அவளுக்கே அவளுக்கு.

அதை விட்டால் நாள் முழுக்கத் தனிமை கிடையாது. தையல் கம்பெனியில் மெஷின்களின் இரைச்சல், அதற்கும் மேலே பெண்களின் பேச்சு. சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் இவர்.

முடிவெட்டும் கடை வைத்திருந்தார். 'ரேடியோ' என்றால்தான் தெருவில் ஆள் தெரியும். முடி வெட்டிக்கொள்ள வந்தவர்கள் வேலை முடிந்த பிறகும் கதை கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். கண் விழித்ததும் ஆரம்பித்தால், தூக்கம் வந்து வாயை அடைக்கும்வரை ஓயமாட்டார்.

அவள் 'உம்' கொட்டுவாள். பாதியில் அதையும் நிறுத்திவிட்டு, தூங்கிப்போனவள்போலக் கிடப்பாள்.

நல்லவேளை, மனுஷனுக்குக் காலைத் தூக்கம் கும்பகர்ணத் தூக்கம். அவள் கதவுப் பக்கம் போகும்போதெல்லாம் உள்ளே குறட்டை கேட்கும். நிம்மதியாகத் திரும்பிவிடுவாள்.

இன்றைக்கு நல்ல குளிர். வெறுங்காலோடு பூனை மாதிரி வந்து கதவை இம்மியளவு தள்ளினாள்.

அவர் விழித்திருந்தார்.

மல்லாந்து படுத்து, கூரையைப் பார்த்தபடி உதடுகளை அசைத்துக்கொண்டிருந்தார். சத்தமே இல்லை. வலது கை யாருக்கோ எதையோ விளக்கியது. புருவம் ஏறி இறங்கியது. கதை சிரிப்பான இடத்துக்கு வந்திருக்க வேண்டும்; வாயைப் பொத்திக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தார்.

நடுநடுவே, 'உம்' கொட்டுவதுபோல் தானே தலையையும் ஆட்டிக்கொண்டார்.

கதவு லேசாக முனகியது.

கண்கள் சட்டென்று மூடின. குறட்டை கிளம்பியது. அவள் தினமும் கேட்கும் அதே குறட்டை.

சால்வையை எடுக்காமலே திரும்பினாள்.

ஜன்னலோரம் டீ ஆறிக்கொண்டிருந்தது. வெளியே இன்னும் யாரும் நடமாடவில்லை. அந்த அமைதியில் இப்போது அவளால் உட்கார முடியவில்லை.

கைக்கு எட்டிய ஒரு பாத்திரத்தை வேண்டுமென்றே கீழே போட்டாள்.

கண்ணைக் கசக்கிக்கொண்டு, பெரிதாக ஒரு கொட்டாவியோடு வந்து நின்றார். "என்ன, விடிஞ்சிருச்சா?"

இன்னொரு டம்ளரில் டீயை ஊற்றி அவர் பக்கம் நகர்த்தினாள். தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"நேத்து கடைக்கு யார் யாரெல்லாம் வந்தாங்க?"

அவர் ஒருமுறை பின்னால் திரும்பிப் பார்த்தார், வேறு யாராவது நிற்கிறார்களா என்று.