மூடக் கூடாத கிண்ணம்

"என் சோப்புக் கிண்ணத்தை மூடி போட்டு மூடினது யாரு? இப்பவே எனக்குத் தெரிஞ்சாகணும்!"

சவேரியோ முற்றத்தில் நின்று கத்தினார். தாடையில் மூன்று வெட்டு. மூன்றிலும் செய்தித்தாள் துணுக்கு ஒட்டியிருந்தது.

சவர சோப்பு விஷயத்தில் அந்த மனுஷன் லேசுப்பட்ட ஆள் இல்லை. சிசிலியின் ஆகஸ்ட் வெயிலில் பாதாம் வாசனை சோப்பு இளகி ஓடிவிடும் என்று ஜன்னலே இல்லாத சரக்கறையில், பளிங்குப் பலகைமேல் வைப்பார். கல்யாணச் சீராக வந்த ஜோடி நீலக் கிண்ணங்களில் ஒன்று அதற்கென்றே போய்விட்டது.

அந்த இருட்டிலேயே பிரஷ்ஷைச் சுழற்றி எடுத்துக்கொண்டு வெளியே வந்து சவரம் செய்வாரே தவிர, சோப்பை வெளிச்சத்துக்குக் கொண்டுவர மாட்டார். முடிந்ததும் ஈரத்தை வடித்து, காற்றாடத் திறந்தே வைப்பார்.

"ஈரத்தோட மூடினா சோப்பு செத்துப்போகும்னு எத்தனை தடவை சொல்றது! இன்னைக்கு நுரையே வரலை. பால் மாதிரி ஒழுகுது. பொண்ணுக்கு மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வர்ற நாளும் அதுவுமா என் மூஞ்சியைப் பாரு!"

"கட்டின பெண்டாட்டியை ஒரு நாளாவது இப்படிக் கவனிச்சிருப்பீங்களா?" அடுப்படியிலிருந்து நுன்சியாவின் குரல் வந்தது. "எனக்குத் தலைக்கு மேல வேலை கிடக்கு. இந்தப் பாழாப்போன பூனை வேற நான் அரைச்சு வச்சதை மேலாக நக்கி வச்சிருக்கு. வழிச்சுக் கொட்ட வேண்டியதாப் போச்சு. சீ, போ அந்தப் பக்கம்!"

வரப்போகிறவள் சாமானியப்பட்டவள் இல்லை. டோன்னா வெனெரா கத்தானியா நகரத்தில் இருபது வருஷமாக மிட்டாய்க் கடை நடத்துகிறவள். மகன் தூரிக்காக ஏற்கெனவே இரண்டு வீடு ஏறி, விருந்தின் கடைசியில் வைத்த பாதாம் இனிப்பைக் கடித்துப் பார்த்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் எழுந்து வந்தவள்.

தூரியைத் தவிர வேறு யாரையும் கட்டிக்கொள்ள மாட்டேன் என்று சவேரியோவின் மகள் அகாதா ஒரே பிடியாக நின்றாள். மூன்று நாளாக அவளுக்குத் தூக்கமே இல்லை.

விருந்து நல்லபடியாகத்தான் நடந்தது. சவேரியோ பல்லெல்லாம் தெரியச் சிரித்து, கத்திரிக்காயை எடுத்து நீட்டினார்.

"இன்னும் கொஞ்சம் வச்சுக்குங்க, சம்பந்தியம்மா."

"அவசரப்படாதீங்க ஐயா. நான் இன்னும் சம்பந்தி ஆகலை. இனிப்பு வரட்டும், அப்புறம் பார்க்கலாம்."

சவேரியோவுக்குச் சிரிப்பு உறைந்துவிட்டது. ஒயின் எடுத்துவருகிற சாக்கில் அடுப்படிக்குப் போனார்.

அங்கே பாத்திரம் கழுவும் கல்லின்மேல் நீலக் கிண்ணம் காலியாகக் கிடந்தது. உள்ளே ஒரு மரக்கரண்டி.

"அகாதா, இதுல இருந்தது எங்கே?"

"அம்மா சுத்தமா வழிச்சு, இனிப்புக்குப் பீச் பழம் மாதிரி உருட்டிட்டாங்கப்பா. நான்தான் சாயம் பூசினேன். பார்க்க அச்சு அசலாப் பழமாவே இருக்கு!"

"சரக்கறைப் பலகைமேல இருந்த கிண்ணமா?"

"ஆமாப்பா. ஏன் உங்களுக்கு இப்படி வேர்க்குது?"

அவர் கூடத்துக்குள் பாய்ந்தார். டோன்னா வெனெரா ஒரு பீச்சை உதட்டருகே கொண்டுபோயிருந்தாள். ஓங்கி ஒரு அடி. பீச் பறந்துபோய் தூரியின் மடியில் விழுந்தது.

"வாயில வைக்காதீங்க! அது என்னோட ஷேவிங் சோப்பு!"

டோன்னா வெனெராவின் முகம் சிவந்தது. கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"மிட்டாய்க்காரிக்குச் சோப்பு கொடுத்துப் பார்க்கறீங்களா? தூரி, எழுந்திருடா."

"அம்மா, அவர் வேணும்னே பண்ணலை..."

"எழுந்திருன்னேன்!"

அகாதா வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழ ஆரம்பித்தாள். சவேரியோ தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். பெற்ற மகளின் வாழ்க்கையை ஒரு கட்டி சோப்பு குடித்துவிட்டதே என்று புலம்பினார்.

நுன்சியா மட்டும் விடுவிடுவென்று மாடிக்குப் போனாள். திரும்பி வரும்போது கையில் இன்னொரு நீலக் கிண்ணம் இருந்தது. அதைக் கணவரின் முன்னால் ணங்கென்று வைத்தாள்.

"இதோ இருக்கு உங்க செல்லம். விருந்துச் சாமானுக்குச் சரக்கறையில இடம் பத்தலைன்னு நேத்து ராத்திரியே மாடி ஜன்னல்ல கொண்டுபோய் வச்சேன். உங்க சட்டப்படி மூடாமத்தான் வச்சிருக்கேன், நல்லாப் பாருங்க. கீழே மூடி வச்சிருந்தது நான் அரைச்ச பாதாம் விழுது."

கிண்ணத்துக்குள் சோப்பு காய்ந்து, மேலே பாளம் பாளமாக வெடித்திருந்தது. ஒரு சொட்டு ஈரம் இல்லை.

டோன்னா வெனெரா குனிந்து அதை மோந்து பார்த்தாள். பிறகு தட்டிலிருந்து ஒரு பீச்சை எடுத்து, ஓரத்தில் கடித்து, கண்ணை மூடிக்கொண்டு மெதுவாக மென்றாள். அகாதா அழுகையை நிறுத்திவிட்டு அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

முழுவதையும் தின்று முடித்தாள். கைப்பையைக் கீழே வைத்துவிட்டு மறுபடியும் நாற்காலியில் உட்கார்ந்தாள். சவேரியோவின் தாடையில் ஒட்டியிருந்த மூன்று காகிதத் துணுக்குகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

"அது சரி, சம்பந்தி... காலையில நீங்க எதைப் போட்டு ஷேவ் பண்ணினீங்க?"