காயாத லட்சுமி பாதம்

லட்சுமி பூஜைக்கு முந்தின நாளின் சாய்வெயில் அந்தக் கொல்கத்தா சந்துக்குள் பாதிச் சுவர் வரைதான் இறங்கியிருக்கிறது. கிழவன் ஹாரானின் ஐஸ் வண்டி நகர வழியில்லாமல் நிற்கிறது. முன்னால், ஆபீஸ் பையைத் தோளிலிருந்து இறக்கக்கூட மறந்துபோன ஷெஃபாலி தரையில் குந்தி, அரிசிமாவுக் கரைசலில் விரல் தோய்த்து, வாசல்வரை லட்சுமி பாதம் வரைந்துகொண்டிருக்கிறாள். சாக்குக்கு அடியில் ஐஸ்கட்டி சொட்டுச் சொட்டாகக் கரைகிறது. “ஏம்மா, மீன்கடையில வெறும் தண்ணியையா கொண்டுபோய் இறக்குறது? வெலகு!” “இன்னும் ரெண்டே பாதம், தாத்தா. வருஷம் பூரா ஓட்டம்தான். இன்னிக்காவது கை நிதானமாப் போகட்டும்.” “ஆமா, ஒன் மாவை மிதிச்சுக்கிட்டு லட்சுமி நேரா உள்ள வந்துடுவா!” அவள் சிரிக்கிறாள், கோடு மட்டும் பிசகவில்லை. கட்டைவிரலில் தொடங்கி ஒவ்வொரு விரலாக வெள்ளைப் பொட்டு விழுகிறது. மறுபடி திட்ட வாயெடுத்த ஹாரான், சுண்டுவிரல் விழும்வரை பார்த்துக்கொண்டே நிற்கிறான். உதட்டில் பீடி அணைந்திருக்கிறது. வண்டியடியில் தேங்கிய தண்ணீர் சரிவில் இறங்கி, காயாத பாதத்தை நோக்கி ஊர்கிறது. கிழவன் தோள்துண்டை உருவி, முறுக்கி, அதற்குக் குறுக்கே அணையாகப் போடுகிறான். “சுண்டுவிரல் ரொம்பச் சின்னதாப் போச்சு,” என்கிறான். “அடுத்ததுல அவசரப்படாதே.”