மாப்பிள்ளை செய்த வெப்சைட்

“சார், உங்க கடையில நீங்களே கால் கிலோ முந்திரி வாங்குங்க, பாக்கலாம்.”

இலக்கியா தன் போனை சுப்பராயலுவின் ஒரு கையில் கொடுத்தாள். இன்னொரு கையில் கனமான பையை மாட்டிவிட்டாள். சிதம்பரத்தில் வெப்சைட் செய்கிறவள். வேலை கேட்டு, காலையில் கடலூர் பஸ் ஏறி, தானாகவே வந்திருப்பதாகச் சொன்னாள்.

சுப்பராயலுவுக்குச் சிரிப்புதான் வந்தது. மேசைமேல் இருந்த கம்ப்யூட்டரில் அவருடைய கடை கல்யாண மண்டபம் மாதிரி ஜொலித்தது. திரை முழுக்க அண்ணாகிராமத்து முந்திரித் தோப்பு, அதன்மேல் தங்க எழுத்து. சென்னையில் இருக்கும் மாப்பிள்ளை பூவரசன் தன் கையாலேயே செய்து கொடுத்தது. கடைக்கு வருகிற எல்லோரிடமும் காட்டிவிடுவார்.

அதில் ஆர்டர் வருவதே இல்லை என்பதை மட்டும் யாரிடமும் சொல்லமாட்டார்.

போனில் எழுத்து எறும்பு ஊர்வதுபோல் இருந்தது. பெரிதாக்கினால் ஓரத்துக்கு ஓடியது. வாங்குவதற்கான பொத்தானைக் காணவே காணோம். பையைக் கீழே வைக்கப் போனார்.

“பஸ்ல நின்னுக்கிட்டு வாங்குறவங்க பையை எங்க சார் வைப்பாங்க?”

குறை என்று ஒரு வார்த்தைகூட சொல்லாமல், தான் செய்துகொண்டு வந்ததை இலக்கியா திறந்துகாட்டினாள். படம், விலை, கட்டைவிரல் படுகிற இடத்தில் பெரிய பொத்தான். அதையே கம்ப்யூட்டரில் திறந்தால், மாப்பிள்ளை எடுத்த அதே தோப்புப் படம் முன்னைவிடத் தெளிவாக விரிந்தது.

சுப்பராயலு கால் கிலோ வாங்கினார். சந்தோஷம் தாங்காமல் அரை கிலோ வாங்கினார். அப்புறம்தான் முகம் சுருங்கியது. மாப்பிள்ளை செய்ததைத் தூக்கிப் போட்டால், அந்த மனுஷர் இனி வாசலை மிதிப்பாரா? பெண்ணைக் கொடுத்திருக்கிற இடம்.

“செஞ்சிடும்மா. ஆனா மாப்ளைக்குத் தெரியக் கூடாது.”

இலக்கியா குனிந்து பையின் வாரைச் சரிசெய்தாள்.

அவர் ஆசைக்கு இன்னும் ஒரு கிலோ வாங்கப் போனார். கட்டைவிரல் பொத்தானைத் தொட்ட அதே நேரம் அழைப்பு வந்து, தானாக எடுத்துக்கொண்டது. அந்தப் பெண்ணின் போனாயிற்றே என்று பதறி, சொல்லிவிட்டுக் கொடுக்கலாமென்று காதில் வைத்தார்.

“ஒத்துக்கிட்டாராம்மா? நான்தான் அனுப்புனேன்னு மாமாவுக்குத் தெரியவே கூடாது.”

பூவரசனின் குரல்.

சுப்பராயலு தன்னையறியாமல் எழுந்து நின்றார். போனை இலக்கியாவிடம் நீட்டி, ஒத்துக்கொண்டதாகச் சொல்லும்படி தலையை மட்டும் ஆட்டினார்.