வாயைத் திற!

"யாரு என்ன கேட்டாலும் வாயை மட்டும் திறக்காதீங்க," என்று மெட்டில்டா கணவனின் தலையில் குரங்குக் குல்லாவை மாட்டி, காது வரை இழுத்துவிட்டாள்.

"திறந்தாத்தான் தமிழ் வரும், மெட்டில்டா. மூடிக்கிட்டிருந்தா மூஞ்சி மட்டும்தான் தெரியும்," என்றார் ஜோசப் லிங்.

மூஞ்சிதான் வினை. அறுபத்திரண்டாம் வருஷம், நவம்பர் மாதம். எல்லையில் சீனாவோடு சண்டை. சண்டை நடந்த இடம் தாம்பரத்திலிருந்து ரொம்ப ரொம்பத் தூரம். ஆனால் லிங்கின் சீன முகம் தாம்பரத்திலேயே இருந்தது. அவர் பிறந்தது பல்லாவரம், கட்டியது திருநெல்வேலிப் பெண்ணை, வடக்கே போன அதிகபட்ச தூரம் கும்மிடிப்பூண்டி. ஊர்க்காரர்கள் அவரை 'லிங்கம்' ஆக்கி வெகு காலமாயிற்று. தாம்பரத்தில் பாதிப் பேர் வாய்விட்டுச் சிரிப்பதே அவர் புண்ணியத்தில்தான் என்பார்கள். இப்போது அவரைக் கண்டால் ஒருத்தரும் சிரிப்பதில்லை. கடைக் கதவில் யாரோ கரியால் 'துரோகி' என்று எழுதிவிட்டுப் போயிருந்தார்கள்.

காய்கறிக்காரி செல்லியம்மாள் மட்டும் பேசினாள். "இன்னா லிங்கண்ணா, உங்காளுங்க இமயமலையத் தாண்டி வந்துகினு கீறாங்களாமே?"

"எங்காளுங்க பல்லாவரம் பாலத்தைத் தாண்டியே ரொம்ப நாளாச்சும்மா," என்றார் லிங். அவள் சிரிக்கவில்லை. கத்தரிக்காயை மட்டும் கொஞ்சம் குறைத்து நிறுத்தாள்.

அதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். மூன்று நாளாக எதிர்ச்சாரியில் வந்து நிற்கும் இன்ஸ்பெக்டர் ஜெயவேலுவை எப்படிப் பொறுப்பது?

ஆறடி ஆள். 'வாயைத் திறடா!' என்று அவர் ஒரு அதட்டல் போட்டால் ஊமைகூடத் திருட்டை ஒப்புக்கொள்வான். ஒருமுறை அந்த அதட்டலில் திருடனோடு சேர்ந்து, பறிகொடுத்தவனும் ஒப்புக்கொண்டுவிட்டானாம். அப்பேர்ப்பட்டவர் ஒரு வார்த்தை பேசவில்லை. கழுத்தில் மஃப்ளர். கண் ரத்தமாய்ச் சிவந்திருந்தது. கடையையே முறைப்பார். படி வரை வருவார். மீசை துடிக்கும். திரும்பிப் போய்விடுவார்.

பூட்ஸ் சத்தம் வரும்போதெல்லாம் லிங் திரைக்குப் பின்னால் போய் நிற்பார். போன பிறகும் வெளியே வரமாட்டார்.

"ஆர்டர் இன்னும் வரலை போல. வந்ததும் உள்ளே வந்துடுவாரு," என்றாள் மெட்டில்டா. "ராஜஸ்தான்ல ஏதோ கேம்ப்பாம். சீனாக்காரங்களைக் குடும்பம் குடும்பமா ரயிலேத்துறாங்களாம். அதுக்குள்ளே நீங்க சிங்கப்பெருமாள் கோவில்ல எங்க ஞானசௌந்தரி அக்கா வீட்டுக்குப் போயிடுங்க."

"ஊரை விட்டு நகரமாட்டேன்னு போலீஸ்ல கையெழுத்து போட்டிருக்கேனே. மாட்டினா ஜெயில்தான்."

"போகலைன்னா ராஜஸ்தான். எது பக்கம், நீங்களே சொல்லுங்க."

லிங் அப்பா காலத்துத் தோல் பையை எடுத்துக்கொண்டார். துணிமணி ஒரு ஓரம். மிச்சமெல்லாம் தொழில் சாமான்.

செங்கல்பட்டு பாசஞ்சர் வந்து நின்றது. மழை. குல்லாவுக்குள் குனிந்தபடி லிங் படியில் கால் வைத்தார். தோளில் ஒரு கை விழுந்தது. திரும்பாமலே யார் என்று தெரிந்துவிட்டது. அந்த எடையுள்ள கை தாம்பரத்தில் ஒன்றுதான்.

ஜெயவேலு குல்லாவைப் பிடுங்கினார். பிளாட்பாரமே திரும்பிப் பார்த்தது.

"டேய், சீனாக்காரன்டா! உளவாளி மாட்டிக்கினான்!"

"பைக்குள்ள வயர்லெஸ் கீது பாரு!"

"உடாதீங்க சார்! நாலு சாத்து சாத்துங்க!"

ஜெயவேலு 'ம்ம்' என்று உறுமி, லிங்கைத் தரதரவென்று வெயிட்டிங் ரூமுக்குள் இழுத்துப் போய்க் கதவைத் தாழிட்டார். வெளியே கூட்டம் கதவைத் தட்டியது. ரயில் கிளம்பிப் போகும் சத்தம் கேட்டது.

மெட்டில்டாவின் புத்திமதியை லிங் மறந்தார். "சார், எனக்குச் சீன பாஷையே தெரியாது சார். இந்தியும் தெரியாது. ராஜஸ்தான்ல நான் தண்ணின்னு கேட்டாக்கூட யாருக்கும் புரியாது சார்..."

இன்ஸ்பெக்டர் பையைச் சுட்டிக்காட்டினார். லிங் திறந்தார். இடுக்கிகள், ஊசிகள், வளைந்த கம்பி, சின்னக் கண்ணாடி எல்லாம் பளபளத்தன. ஒவ்வொன்றாகப் பார்த்த ஜெயவேலுவின் முகம் வெளுத்தது. அந்த ஆறடியும் அப்படியே நாற்காலியில் சரிந்தது. மஃப்ளரை அவிழ்த்தார். ஒரு பக்கக் கன்னம் பன் மாதிரி உப்பியிருந்தது.

"கடவாப் பல்லுய்யா," என்றார் பாதி வாயால். "மூணு நாளா உன் படி வரைக்கும் வந்து வந்து, பயத்துல திரும்பிப் போயிட்டேன். இருக்கற ஒரே பல் டாக்டர் நீ. நீயும் ஓடிட்டா நான் என்னய்யா பண்ணுவேன்?"

ஒரு மாதத்தில் முதல் தடவையாக லிங் சட்டைக் கையை மடித்துவிட்டார். அவர் ஊசியை எடுத்தார்.

"வலிக்குமா?" என்று கேட்டார் ஜெயவேலு, குழந்தை மாதிரி.

"அது, என்னை எங்கே அனுப்பப் போறீங்கங்கறதைப் பொறுத்தது சார்."

"எங்கயும் இல்லைய்யா! நீ தாம்பரத்தை விட்டு நகர்ந்தா அப்போ இருக்கு உனக்கு!"

"அப்போ வாயைத் திறங்க, சார்."

ஊசி முனை ஈறில் பட்டதோ இல்லையோ, ஸ்டேஷன் கூரை அதிரும்படி ஓர் அலறல் எழுந்தது.

"சீனாக்காரன் வாயத் தொறந்துட்டான்டா!" என்று வெளியே பிளாட்பாரமே கைதட்டியது.