அளவுக்கு ஓர் ஆள்

“உங்க படத்துல என் பொண்டாட்டி நிக்கிறா, ஐயா.”

ஏரிக்கரையில் பனிமூட்டம் இன்னும் விலகவில்லை. மலைகள் இருக்க வேண்டிய இடத்தில் மலைகள் இல்லை. தண்ணீர் எங்கே முடிகிறது, வானம் எங்கே ஆரம்பிக்கிறது என்றே தெரியாத அந்த வெளுப்புக்குள்ளிருந்துதான் அந்த ஆள் வந்து நின்றான்.

ஓவியர் பென்ரோஸ் தூரிகையைக் கீழே வைக்கவில்லை.

வந்தவன் மக்ராய், பண்ணை பண்ணையாகப் போய் ஆட்டு ரோமம் கத்தரிக்கிறவன். டனீடின் துறைமுகத்து விடுதியில் மாட்டியிருந்த படத்தைப் பார்த்துவிட்டு ஒன்பது நாள் நடந்தே வந்திருக்கிறான். படத்தில் ஓர் ஆற்று வளைவு. அதன் கரையில், சுண்டுவிரல் நகத்தளவுக்கு, சிவப்புச் சால்வை போர்த்திய ஒரு பெண். வீட்டைவிட்டுப் போன அன்று அவன் மனைவி மோராக்கும் அப்படி ஒரு சால்வையைத்தான் போர்த்தியிருந்தாளாம். அது எந்த ஆறு என்று மட்டும் சொன்னால் போதுமாம்.

“இடது கையை மடக்கியே வச்சிருந்தாளா? இன்னும் எலும்பு கூடியிருக்காது, பாவம்.”

அவ்வளவு மெதுவாகக் கேட்டான். அந்தக் கையை ஒடித்தது யார் என்று பென்ரோஸ் கேட்க வேண்டியிருக்கவில்லை.

சிரிப்பை வரவழைத்துக்கொண்டார்.

“அது யாருமில்ல, மக்ராய். மலை எவ்வளவு பெருசுன்னு காட்ட, அளவுக்கு ஓர் ஆளை நிக்க வைக்கிறது எங்க தொழில் வழக்கம். பச்சைக்கு நடுவுல சிவப்பு எடுப்பா இருக்கும். நீங்களே பாருங்க.”

படக்கட்டைப் பிரித்துக் கொடுத்தார். பன்னிரண்டு வருட அலைச்சல் அதில் இருந்தது. அருவியின் அடியில் சிவப்புச் சால்வைக்காரி. கடலோரப் பாறையில் சிவப்புச் சால்வைக்காரி. மலையாடுகூடக் கால் வைக்கத் தயங்கும் பனிச்சரிவிலும் சாவகாசமாக அவளே நின்றாள்.

படத்துக்குப் படம் மக்ராயின் முகம் தொங்கிக்கொண்டே போனது. கடைசிப் படத்தைத் தள்ளிவைத்தபோது அவன் கட்டைவிரலில் சிவப்பு ஒட்டியிருந்தது.

விரலைப் பார்த்தான். பென்ரோஸைப் பார்த்தான்.

மூட்டத்துக்குள் எங்கோ ஒரு வாத்து சிறகடித்தது.

“இந்த ஈரத்துல எதுதான் காயுது” என்று விரலைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டான்.

ஒரு பொட்டுச் சாயத்தை நம்பி இவ்வளவு தூரம் வந்ததற்குத் தன்னையே திட்டிக்கொண்டு, வந்த வழியே திரும்பினான். பத்தடியில் தோள்கள் மறைந்தன. கொஞ்ச நேரம் செருப்புச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அதுவும் இல்லை.

பென்ரோஸ் அப்படியே ஈரமண்ணில் உட்கார்ந்துவிட்டார்.

இப்படி ஒருவன் உங்களைத் தேடி வருகிறான் என்று படகுக்காரன் சொல்லி நான்கு நாள்தான் ஆகிறது. அன்று ஆரம்பித்து, படக்கட்டில் இருந்த நாற்பத்து மூன்று படங்களிலும் சிவப்பைக் கெட்டியாகக் குழைத்து ஒவ்வொருத்தியாக நிற்க வைத்தார். கடைசியாக ஒருத்தியை இன்று விடிந்த பிறகுதான் வைத்தார்.

விடுதியில் மாட்டியிருக்கும் படத்தில் மட்டும் அவர் எதையும் சேர்க்கவில்லை. ஒடிந்த கையைக் கழுத்தோடு கட்டித் தொங்கவிட்டுக்கொண்டு, அவள் நிஜமாகவே அந்தக் கரையில் நின்றிருந்தாள்.

“என்னை விட்டுட்டு வரைங்க, ஐயா” என்று மூன்று தடவை சொன்னாள்.

வெட்கப்படுகிறாள் என்று நினைத்துக்கொண்டார்.