அடுப்படிச் சன்னல்

கரிக்கோட்டின் மேல் கடப்பாரை விழுகிறது. அடுப்படியின் கிழக்குச் சுவரில் சன்னல் வைக்கவென்று பதினோரு வருடத்துக்கு முன்னால் மாதம்மாள் கரியால் போட்ட சதுரம் அது. ராகி அறுக்கட்டும், மழை ஓயட்டும் என்று தள்ளிக்கொண்டே போனது. இப்போது ஆற்றில் அணை எழும்புகிறது. வரும் மழைக்கு ஊரே தண்ணீருக்குள் போய்விடும். வாசலில் சாமான் ஏற்றி, மாடு பூட்டிய வண்டி நிற்கிறது.

“முழுகப் போற ஊட்டுக்கு எதுக்குடி சன்னலு?” வண்டியருகிலிருந்து கத்துகிறான் புருஷன் கிருஷ்ணப்பன்.

“முழுகறப்ப முழுகட்டும். நான் இன்னும் போவலியே,” என்கிறாள், கையை நிறுத்தாமல். மண்சுவர் பெயர்ந்து வெளிப்பக்கம் சரிகிறது. காலை வெயில் சாய்ந்து உள்ளே இறங்கி, கரியேறிய உறிக்கயிற்றையும் காலி அடுப்பையும் தொடுகிறது. அதில் தூசி மெல்லச் சுற்றுகிறது. அடுப்பின் முன் உட்கார்ந்தபடியே கொள்ளு வயல் தெரிகிறது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு போய், வண்டியிலிருந்து பால் சட்டியை இறக்கி வந்து அடுப்பை மூட்டுகிறாள்.

“குடி வர்றப்பதான் பால் காய்ச்சுவாங்க. நாம காலி பண்றோம்,” என்று பின்னாலேயே வருகிறான் அவன்.

“சன்னலு வெச்ச ஊட்டுக்கு இன்னிக்குத்தான குடி வந்திருக்கேன்.”

பால் பொங்கி அடுப்பில் வழிகிறது. புகை முதல் தடவையாக வழி தெரிந்து வெளியே போகிறது. கிருஷ்ணப்பன் மாடுகளை அவிழ்த்துவிட்டு வந்து அவள் பக்கத்தில் உட்காருகிறான். பாலைக் குடித்தபடி வெகுநேரம் அந்தத் திறப்பையே பார்க்கிறான்.

“இன்னும் ஒரு சாண் அகலமா இடிச்சிருக்கலாம்,” என்கிறான்.