முப்பது பீஸ்

"உன் பேரு இந்தப் பேப்பர்ல வராது, சத்யபிரியா" என்றார் பேராசிரியர் ராஜகோபாலன், பந்தியில் அப்பளம் தீர்ந்துவிட்டது என்று சொல்வதுபோல.

தாம்பரத்தை அடுத்த அந்தக் கல்லூரியில் அவள் அவரிடம் ஆராய்ச்சி மாணவியாகச் சேர்ந்து மூன்று வருடம் ஆகிறது. பீர்க்கன்கரணை ஏரியில் முழங்கால் சேற்றில் இறங்கி, நாற்பது விரால் மீன்களின் துடுப்பு நுனியைக் கத்தரித்து வந்து மரபணுக் குறிகளைப் படித்தவள். மரபணுக் குறி என்பது மீனுக்கு ஆதார் நம்பர் மாதிரி. எது எதற்கு உறவு, எது எங்கிருந்து வந்து கலந்தது என்று எல்லாவற்றையும் காட்டிக் கொடுத்துவிடும். காட்டியும் கொடுத்தது. படப்பைப் பக்கத்துப் பண்ணைக் குட்டைகளிலிருந்து தப்பி வந்த விரால்கள், ஏரி விரால்களோடு நன்றாகக் குடும்பம் நடத்தியிருந்தன.

ராஜகோபாலனுக்குக் கலப்பு என்றாலே ஒவ்வாது, மீனில்கூட. அந்த ஏரியில் ஆயிரம் வருடமாகக் கலக்காத அசல் வம்சம் இருக்கிறது என்று ஏற்கெனவே பத்து மேடையில் முழங்கிவிட்டார். ஆகவே தப்பு அவள் கையில்தான் இருக்க வேண்டும். வீட்டில் முதன்முதலாகப் படிக்க வந்தவளுக்கு லேப் சுத்தமெல்லாம் எப்படித் தெரியும் என்று அவளுக்காக இரக்கப்படவும் செய்தார்.

போன மாதம் அவரே களத்தில் இறங்கினார். இறங்கினார் என்றால், காரைவிட்டு இறங்கவில்லை. அந்த வீரக்கதையை இன்றைக்கு நான்காவது தடவையாகச் சொன்னார்.

"கண்ணாடிய இறக்கி, மூக்கப் பொத்திக்கிட்டு, ஏரிக்கரை மீன்காரிகிட்ட சொன்னேன். முப்பது பீஸ் வேணும், இந்த ஏரி விரால்தான் வேணும், சின்னச் சின்னதா இருந்தா போதும், தனித்தனி கவர்ல போடுன்னு. அரை மணி நேரம், அவ்ளோதான். நீ நாப்பதுக்கு ரெண்டு வருஷம் எடுத்துக்கிட்ட."

கவரை அவர் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. நம்பர் ஒட்டி, பரிசோதனைக்கு வெளியே அனுப்பிவிட்டார்.

மீன்காரி என்ற சொல்லில் சத்யபிரியா நிமிர்ந்தாள். பிறகு கம்ப்யூட்டர் திரையைப் பார்த்தாள். முப்பதிலும் குறிகள் அச்சடித்ததுபோல் ஒன்றே. அவருக்கு அதுதான் கலக்காத வம்சத்தின் அத்தாட்சி.

"சார், அந்த முப்பதப் பத்தி ஒண்ணு சொல்லணும்."

"நீ சொல்லி நான் கத்துக்கணுமா?"

போன வாரமும் இதே பதில்தான், நேற்றும் இதேதான். மூன்று முறை கதவைத் தட்டியாகிவிட்டது. அவள் பையிலிருந்து ஒரு வெள்ளைத் தாளை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

"அப்ப, இந்த முப்பதுல எனக்குப் பங்கில்ல, அந்த நாப்பதுல உங்களுக்குப் பங்கில்லன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுடுங்க சார்."

"ரோஷமா?" என்று சிரித்தார் அவர். அந்தக் கலப்படத்தை அவளே கட்டிக்கொண்டு அழட்டும் என்று நினைத்து, அப்படியே எழுதிக் கையெழுத்திட்டு, முத்திரையும் குத்திக் கொடுத்தார். வெள்ளிக்கிழமை வெளிநாட்டு விஞ்ஞானிகள் முன்னால் அசல் வம்சத்தை அறிவிக்கப் போகிறாராம். அதற்குத் தம் பெயரையே வைத்தாலும் வைப்பார்களாம்.

தாளை நான்காக மடித்துக்கொண்டு ஷேர் ஆட்டோவில் ஏறினாள். ஏரிக்கரையில் தார்ப்பாய் நிழலில் மீன் ஆய்ந்துகொண்டிருந்த கனகவல்லி, மகளைக் கண்டதும் கையை நிறுத்தினாள்.

"இன்னாடி, மூஞ்சி பளிச்சுனு கீது?"

"கையெழுத்து வாங்கிட்டேம்மா."

"அத்த வுடு. அன்னிக்கு ஒங்க சாரு கார்ல குந்திகினே முப்பது பீஸு கேட்டாரே, நானும் ஒரே விரால முப்பதா வெட்டி, கவர் கவரா கட்டிக் குட்த்தேனே. கொயம்பு எப்டி இருந்திச்சாம்?"

"இன்னும் வைக்கலம்மா. வெள்ளிக்கிழம மேடையில வைக்கிறாரு."